முகத்தில் படியும் மங்கும் வெயிலின் பங்கும்

இலங்கையின் கிழக்குக் கரையில், நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலான கடலோர ஊர்களுக்கு மேற்கே, வயல்வெளிகள் சூழ அமைந்த ஊர் இறக்காமம். குளமும் நெல்லும் அவ்வூருக்கு இரு கண்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஏழேகால் பாகையில் அது அமைந்திருப்பதால், ஆண்டுக்கு இரு முறை சூரியன் அதன் நேர் உச்சிக்கு வருகின்றது. முதன்முறை ஏப்ரல் மாதத்தின் முற்பகுதியில். மறுமுறை செப்டெம்பர் மாதத்தின் தொடக்கத்தில். அந்நாட்களில், நண்பகலில், வரம்பிலே நட்ட கம்புக்கு நிழலே இராது. முந்தியது சிறுபோக வேலைகள் தொடங்கும் காலம். பிந்தியது அப்போகத்தின் அறுவடையை ஒட்டிய காலம். மனிதர் வெளியிலே மிகுதியாக நிற்க வேண்டிய நாட்களிலேயே வெயிலும் உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கின்றது.

இத்தகைய ஊர்களில் முப்பது வயதைக் கடந்த பெண்கள் பலரின் முகத்தில் ஒரு மாற்றம் தோன்றுவதுண்டு. இரு கன்னங்களிலும், நெற்றியிலும், மேலுதட்டின் மீதும் மண்ணிறமான திட்டுக்கள் மெல்ல மெல்லப் படர்கின்றன. அவை அரிப்பதில்லை, வலிப்பதில்லை, செதில் உதிர்வதுமில்லை. இடக் கன்னத்தில் இருப்பது போலவே வலக் கன்னத்திலும் இருக்கும். தமிழில் இதனை மங்கு என்பர். வைத்திய நூல்கள் மெலாஸ்மா என்று குறிக்கின்றன. தேமல் வேறு, மங்கு வேறு. தேமல் ஒருவகைப் பூஞ்சணத்தால் வருவது. மருந்து பூசினால் பூஞ்சணம் அழியும். மங்குக்குக் காரணமான கிருமி எதுவும் இல்லை. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை.

உயிருக்கு ஊறு செய்யாத ஒன்றைப் பற்றி இத்தனை நேரம் பேச வேண்டுமா என்று நேயர்களுட் சிலர் எண்ணக்கூடும். ஊறு மங்கில் இல்லை. அதனைப் போக்க மேற்கொள்ளப்படும் வழிகளிலேதான் இருக்கின்றது. “முகம் ஏன் இப்படிக் கறுத்துப் போயிற்று?” என்று கலியாண வீட்டில் நாலு பேர் கேட்டுவிட்டால், ஒரு பெண் மறுநாளே கடைக்கு ஆளனுப்புகிறாள். பெயர் தெரியாத கிறீம் வருகிறது. பின்னர் வெள்ளையாக்கும் குளிசை வருகிறது. நெல் விற்ற காசில் ஒரு பங்கு இவ்வாறு கரைகின்றது. சிலவேளை தோலும் அதனோடு சேர்ந்து கெடுகின்றது.

வயல் வேலைக்கும் மங்குக்கும் உள்ள உறவை அளந்து பார்த்தவர்கள் இந்தியாவிலே இருக்கிறார்கள். கர்நாடகக் கரையோரத்து மணிப்பாலில் உள்ள கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியின் தோல் வைத்தியர்கள் நெல்வயல் தொழிலாளரைப் பரிசோதித்து, 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களிற் காணப்பட்ட தோல் மாற்றங்களில் மங்கும் ஒன்று. நூற்றுக்கு 41 பேருக்கு அது இருந்தது. அங்குள்ள நிலமும், நெல்லும், மக்களின் நிறமும் நம்மவருடையவற்றை ஒத்தவையாகையால், அவ்வெண்ணிக்கை இறக்காமத்து வட்டைகளில் வேலை செய்வோருக்கு அந்நியமானதன்று. ஆண்களும் இதற்கு விலக்கல்லர். பெண்களுக்கு மிகுதி, ஆண்களுக்குக் குறைவு, அவ்வளவே வேறுபாடு.

மங்கு எவ்வாறு உண்டாகின்றது? நம் தோலின் மேற்படையின் அடிவரிசையில், நிறப்பொருளைச் செய்யும் நுண்ணிய கலங்கள் இருக்கின்றன. அவை செய்யும் பொருளுக்கு மெலனின் என்று பெயர். அதனைத் தோலின் குடை எனலாம். வெயில் பட்டவுடன் அக்கலங்கள் மெலனினைச் செய்து அயற்கலங்களுக்கு வழங்க, அது ஒவ்வொரு கலத்தின் கருவுக்கு மேலும் கவிந்து நின்று கதிரைத் தாங்கிக்கொள்கிறது. எனவே கறுப்பு ஒரு குறையன்று. இயற்கை கொடுத்த காப்பு. மங்கு கண்டவர் முகத்தில் நடப்பது, அந்தக் காப்பு வேலை சில இடங்களில் மட்டும் மட்டுமீறிப் போவதே. சிறிது வெயில் பட்டாலும் அங்குள்ள கலங்கள் பெருவெயில் பட்டது போல உழைக்கின்றன.

அப்படி அவற்றைத் தூண்டிவிடுபவை பல. பரம்பரை ஒன்று, தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரலாம். கர்ப்பகாலத்தில் உடலில் மிகும் ஓமோன்கள் மற்றொன்று. கர்ப்பிணியின் முகமூடி என்றே மேனாட்டார் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். கருத்தடைக் குளிசையிலும் அதே இனத்து ஓமோன்கள் இருப்பதால் அதனாலும் தோன்றலாம். அதற்காக ஒரு தாய் தானாகவே குளிசையை நிறுத்திவிடலாகாது. குடும்பநல மருத்துவமாதிடம் சொன்னால் வேறு முறையைக் காட்டுவார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எரியும் விளக்குக்கு நெய் வார்ப்பது போல மங்கை வளர்ப்பது வெயில். பரம்பரையை மாற்ற முடியாது. கர்ப்பத்தைக் கடிந்துகொள்ள முடியாது. வெயிலோ மனிதர் கையால் மறைக்கக் கூடியது.

வெயில் என்பது ஒரே பொருளன்று. கண்ணுக்குப் புலப்படும் ஒளி, உடலில் உறைக்கும் வெப்பம், இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்களும் அதிற் கலந்திருக்கின்றன. 1801இல் ஜேர்மனியரான ரிற்றர் என்பவர் இவ்வகைக் கதிரைக் கண்டறிந்தார். புறவூதாக் கதிர் என்றும் இதனைச் சொல்வதுண்டு. நிலத்தை வந்தடையும் கழியூதாக் கதிர்களை ‘ஏ’, ‘பி’ என இரண்டாகப் பிரிப்பர். தோலை எரித்துச் சிவக்கச் செய்வது பெரும்பாலும் ‘பி’. ‘ஏ’ அவ்வளவு எரிப்பதில்லை. ஆயினும் ஆழ ஊடுருவிக் கறுக்கச் செய்யும். சாளரக் கண்ணாடி ‘பி’ கதிரைப் பெரிதும் தடுத்துவிடும். ‘ஏ’ கதிரின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஆதலின் கண்ணாடிச் சாளரத்தருகே நாள் முழுதும் இருப்பவர், பஸ்சில் சாளரப் பக்கமாக நெடுந்தூரம் போகிறவர் ஆகியோரின் முகத்திலும் மங்கு மிகலாம்.

இந்த நூற்றாண்டில் தெளிவான ஒரு செய்தி, நம் போன்ற நிறத்தாருக்கு முதன்மையானது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும், அதிலே சிறப்பாக நீலப் பகுதியும், மங்கை வளர்க்கின்றது. அமெரிக்காவின் டிற்றோயிற் நகரத்து ஆய்வாளர் 2010இல் வெளியிட்ட பரிசோதனையில், மாநிறமும் கருநிறமும் கொண்டோரின் தோலில் இவ்வொளியைப் பாய்ச்சியபோது, ‘ஏ’ கதிரால் உண்டானதைக் காட்டிலும் ஆழ்ந்த கருமை தோன்றி நெடுநாள் நிலைத்தது. வெள்ளைத் தோலினரிடம் அவ்வாறு கறுக்கவேயில்லை. பின்னர் 2018இல் பிரான்சின் நீஸ் நகரத்து ஆய்வாளர், நிறக்கலங்களில் ஒப்சின்-3 என்னும் புரதம் நீல ஒளியை உணர்ந்து மெலனின் செய்யத் தூண்டுகிறது என்று காட்டினர். வெள்ளைத் தோலினருக்காகச் செய்யப்பட்ட கிறீம்கள் நம்மவருக்கு ஏன் போதியன ஆவதில்லை என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கின்றது.

வெயிலின் கழியூதா வலிமையை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஒரு சுட்டெண் உண்டு. 11ஐ எட்டினால் அதி தீவிரம் என்பது அதன் கணக்கு. இலங்கை போன்ற நாடுகளில், வானம் தெளிந்த நண்பகல்களில், அவ்வெண்ணை எட்டுவதும் கடப்பதும் வழக்கமே. மெல்லிய முகில் மூடியிருந்தாலும் இக்கதிர்களில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேலும் இறங்கிவரலாம் என்று அதே நிறுவனம் சொல்கிறது. காற்று வீசும் நாட்களில் உடல் சற்றே குளிர்வதும் ஓர் ஏமாற்றமே. காற்றுக்குக் கதிரைத் தள்ளிவிடும் ஆற்றல் இல்லை.

அளவுகோலும் கருவியும் இல்லாதவர் வெயிலின் வேகத்தை அறிய எளிய வழி ஒன்றிருக்கிறது. நிலத்தில் விழும் தம் நிழலைப் பார்க்கலாம். நிழல் ஆளை விடக் குறுகியிருந்தால் கதிர் வலிமையாக இருக்கின்றது, நீண்டிருந்தால் தணிந்திருக்கின்றது. இவ்வூர்களில் ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் காலை 9 மணியளவில் நிழல் ஆளின் அளவுக்குக் குறுகும். பிற்பகல் 3 மணிக்குச் சற்றுப் பின் மீண்டும் ஆளின் அளவுக்கு நீளும். நிழல் அளந்து நேரம் அறிவது முஸ்லிம் ஊர்களுக்குப் புதிதன்று. ஷாபிஈ மத்ஹபின்படி, ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்த நிழல் நீங்கலாக, அப்பொருளின் நீளத்தை எட்டும்போது அஸர் தொழுகையின் நேரம் தொடங்குகிறது. விஞ்ஞானிகள் சொல்லும் நிழற்கணக்கும் இதுவும் சூரியன் உச்சி கொள்ளும் நாட்களில் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன. மார்கழியில் நண்பகலிலும் நிழல் இருப்பதால், அஸர் பாங்கு ஒலிக்கும்போது நிழல் ஆளைவிட நன்றாகவே நீண்டுவிடும். ஆகவே கதிரின் உச்ச வேகம் கழிந்தது என்பதற்கு அஸர் பாங்கை அடையாளமாகக் கொள்வோர் எந்த மாதத்திலும் ஏமாறமாட்டார். வயலுக்குச் சோறு கொண்டுபோவது ஒழிய, நெல் காயவைப்பது, உடுப்பு உலர்த்துவது, கடைத்தெருவுக்குப் போவது போன்றவற்றில் ஒத்திவைக்கக் கூடியவற்றை அதற்குப் பிறகோ, காலை 9 மணிக்கு முன்னரோ வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒளி இருக்கின்றது என்பதை மங்குள்ளவர் மறத்தலாகாது. கதிர் குறைந்திருக்கின்றது, அவ்வளவே.

அடுத்தது துணி. தலையை மூடும் முக்காடு நெற்றியை முழுதும் காப்பதில்லை, கன்னத்தைக் காப்பதேயில்லை. மூன்று அங்குலத்துக்குக் குறையாத விளிம்புள்ள தொப்பியை முக்காட்டின் மேல் வயலில் அணிந்தால் நெற்றியும் மூக்கும் கன்னத்தின் பெரும்பகுதியும் நிழலில் அடங்கும். தெருவில் குடை போதும். முகம் மறைக்கும் வழக்கமுள்ளோர் தம் துணியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மருதமுனைத் தறிகளில் நெய்த நெருக்கமான துணியை விளக்குக்கு நேரே பிடித்தால் ஒளி அரிதாகவே கசியும். மெல்லிய வலை போன்ற துணியைப் பிடித்தால் விளக்கே தெரியும். விளக்கு தெரியும் துணியில் வெயிலும் புகும். நெருக்கமான நெசவும் ஆழ்ந்த நிறமும் கதிரை நன்கு மறிக்கும்; மெல்லிய வெண்பருத்தி நனைந்துவிட்டால் அதன் காப்பு இன்னும் குறையும். வியர்வையில் நனைந்த வெண்துணி குளிர்ச்சியாக இருக்கலாம், காப்பாக இராது.

துணியால் மறைக்க முடியாத இடத்துக்கே கிறீம். கடைகளில் சன்ஸ்கிறீன் என்று கேட்டு வாங்கப்படும் வெயில்காப்புக் கிறீமின் பெட்டியில் எஸ்.பி.எப். என்ற எழுத்துக்களும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் ‘பி’ கதிரைத் தடுக்கும் அளவைக் குறிப்பது. 15 என்றால் அக்கதிரில் பதினைந்தில் ஒரு பங்கு உள்ளே வரும். 30 என்றால் முப்பதில் ஒரு பங்கு. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. அதாவது 30 உள்ளது நூற்றுக்கு ஏறத்தாழ 97 பங்கைத் தடுக்கும். 50 உள்ளது 98 பங்கை. எண் பெருகப் பெருக விலை ஏறும் அளவுக்குக் காப்பு ஏறுவதில்லை. 30க்குக் குறையாமல் இருந்தால் போதும். மங்குள்ளவர் 50ஐத் தேர்வது நன்று. ‘ஏ’ கதிரைத் தடுப்பதற்கு வேறு குறி பார்க்க வேண்டும். யப்பானியர் 1996இல் வகுத்த பி.ஏ. என்னும் குறியின் பின் கூட்டல் அடையாளங்கள் இருக்கும். அவை எத்தனை மிகுமோ அத்தனை காப்பு. நான்கு அடையாளம் உச்சம்.

இவ்விரண்டையும் பார்த்து வாங்கிய கிறீமும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காமற் போகலாம். பூசியதும் மறைந்து போகும் கிறீம்கள் அவ்வொளியை அப்படியே உள்ளே விடுகின்றன. அதனாலேதான் அவை மறைந்து போகின்றன. ஒளியை மறிக்க வேண்டுமானால் அதிலே நிறம் இருக்க வேண்டும். அந்த நிறத்தைத் தருவது இரும்பு ஒட்சைட்டு. செம்மண்ணுக்கும் செங்கல்லுக்கும் நிறம் கொடுக்கும் பொருளே அது. மண்ணிறச் சாயல் கொண்ட கிறீமின் பெட்டியில் அதன் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். மெக்சிக்கோவிலிருந்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில், மங்குக்கான மருந்தோடு சாதாரண வெயில்காப்புக் கிறீமைப் பூசியவரைவிட, தெரியும் ஒளியையும் மறிக்கும் கிறீமைப் பூசியவரின் திட்டுக்கள் மிகுதியாக மங்கின. ஒரே விலையில் இரண்டு கிறீம் இருந்து, ஒன்று நிறமற்றதாகவும் மற்றது மண்ணிறமாகவும் இருக்குமானால், மங்குள்ளவர் மண்ணிறத்தையே எடுக்க வேண்டும். தம் முகநிறத்தோடு பொருந்துகிறதா என்று புறங்கையில் தடவிப் பார்த்து வாங்குவது புத்தி.

கிறீம் பூசுவோரில் மிகப் பலர் தவறுவது அளவிலே. பெட்டியில் அச்சிட்ட எண், தோலின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் பூசிப் பெற்ற எண். மக்களோ அதில் பாதியும் காற்பங்குமே பூசுகின்றனர். பொட்டுப் போலத் தொட்டுத் தடவினால் 50 என்று எழுதியிருப்பது 50 ஆகாது. சுட்டுவிரலும் நடுவிரலும் நெடுக, அடியிலிருந்து நுனிவரை, இரு கோடுகளாகப் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருவேளைக்கான அளவு. அதனை ஒரு கிராம் என்று கொண்டால், நாளுக்கு இருமுறை பூசுபவருக்கு 50 கிராம் குழாய் 25 நாட்களில் தீர வேண்டும். மூன்று மாதம் வருகிறதென்றால் அது சிக்கனமன்று. பூசாமல் விட்டதற்குச் சமம். இந்தச் செலவு எல்லா வீட்டுக்கும் ஏற்றதல்ல என்பது வெளிப்படை. அதனாலேதான் தொப்பியும் துணியும் நேரமும் முன்னே சொல்லப்பட்டன. அவற்றை ஒழுங்காகக் கைக்கொள்பவர் முகத்துக்கு மட்டும், வெளியே போகும் நாட்களில் மட்டும், கிறீமைப் பயன்படுத்தினாலும் பயன் உண்டு. விலை கூடிய கிறீமை வாங்கிவிட்டு வெறும் தலையோடு நண்பகலில் போகிறவரைவிட இவரே மேல்.

கிறீம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்பத் தகுந்ததன்று. வியர்வையும் தண்ணீரும் அதனைக் கழுவிவிடும். நாளில் ஐவேளை வுழூச் செய்பவரின் முகத்தில் காலையில் பூசியது பகலில் இராது. இது ஒரு வசதியாகவும் அமைகின்றது. வெளியே போகுமுன் காலையில் ஒருமுறை பூசி, ளுஹருக்காக முகத்தைக் கழுவித் தொழுது முடித்தபின் மறுமுறை பூசினால், வலிமையான வெயிலுக்கு இரண்டாம் பூச்சு தயாராகிவிடும். நீர் ஒட்டாத தடிப்பான கிறீம் முகத்தில் இருக்கையில் வுழூச் செய்வதைப் பற்றிய ஐயத்தை உலமாக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டு வுழூச் செய்தால் அந்த ஐயத்துக்கே இடமில்லை.

இதெல்லாம் உண்மையிலே பயன் தருமா என்று கேட்போருக்கு மொரோக்கோ நாட்டின் ஓர் அனுபவத்தைக் காட்டலாம். அந்நாட்டு வைத்தியர்கள் கர்ப்பிணித் தாய்மாருக்கு, ‘ஏ’, ‘பி’ இரண்டையும் தடுக்கும் எஸ்.பி.எப். 50 கிறீமைக் கொடுத்து, பன்னிரண்டு மாத காலத்தில் தொடர்ந்து கவனித்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். இறுதிவரை இருந்த 185 பேரில் புதிதாக மங்கு கண்டவர் 5 பேரே. அந்நாட்டில் அதற்கு முன் செய்யப்பட்ட கணக்கில் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மங்கு இருந்தது. கிறீம் பூசாத ஒரு கூட்டத்தை அருகே வைத்து ஒப்பிடாதது அவ்வாய்வின் குறை. ஆயினும் வேறுபாடு மிகப் பெரிது. வந்த மங்கைப் போக்குவதைவிட வராமற் காப்பது எத்தனை எளிது என்பதையும், காக்க வேண்டிய காலம் எது என்பதையும் அது காட்டுகின்றது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போகும் முதல் நாளிலேயே குடையும் கூடவே போக வேண்டும்.

இனிக் குளிசைகளைப் பற்றி. வெயிலிலிருந்து தோலைக் காக்கும் என்றும், உள்ளிருந்தே முகத்தை வெளுக்கச் செய்யும் என்றும் சொல்லப்படும் சத்துக்குளிசைகள் இப்போது பல விற்பனைக்கு வருகின்றன. கிறீமையும் குளிசையையும் ஒரே ஊரில் ஒருங்கே சோதித்த பெரிய ஆய்வு அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து நம்பூரில் 1992இல் தொடங்கிற்று. 1,621 பேர் அதிலே சேர்க்கப்பட்டனர். சிலருக்கு நாள்தோறும் பூசக் கிறீம். சிலருக்கு நாள்தோறும் விழுங்கப் பீற்றா கரோற்றீன் என்னும் சத்து 30 மில்லிகிராம். இவையன்றிச் சத்தில்லாத போலிக் குளிசை பெற்றோரும் உண்டு. நாலரை ஆண்டுகள் கவனித்தனர். நாள்தோறும் கிறீம் பூசியவரிடையே செதிட்கலத் தோற்புற்றுநோய் குறைந்தது. 2013இல் வெளியான கணக்கின்படி வெயிலால் தோல் மூப்படைவதும் மற்றவரைவிட 24 வீதம் குறைந்தது. குளிசையால் அந்நன்மைகள் கிடைக்கவில்லை. அவர்கள் வெள்ளைத் தோலினர். அங்கே தேடப்பட்டது மங்கன்று. எனினும் பூச்சும் விழுங்கலும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டபோது எந்தத் தட்டுத் தாழ்ந்தது என்பதை அறிவதற்கு அதனினும் நல்ல சான்று அரிது. சத்துத்தானே, மிகுந்தால் என்ன என்று கேட்பவர், பின்லாந்திலே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வை அறிந்திருக்க வேண்டும். அதே பீற்றா கரோற்றீனை விழுங்கியவரிடையே சுவாசப்பைப் புற்றுநோய் கூடிற்றேயன்றிக் குறையவில்லை.

மத்திய அமெரிக்கக் காடுகளில் வளரும் ஒருவகைப் பன்னத்தின் சாறு அடங்கிய குளிசைக்குச் சற்றே மதிப்புண்டு. பொலிபோடியம் என்பது அதன் பெயர். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மங்குள்ள பெண்கள் எல்லாரும் வெயில்காப்புக் கிறீம் பூச, அவருட் பாதிப்பேர் பன்னக் குளிசையும் மற்றையோர் போலிக் குளிசையும் விழுங்கினர். இரு சாராருக்கும் மங்கு குறைந்தது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குறைத்தது கிறீமே என்று கொள்ள இடமுண்டு. 2018இல் சிங்கப்பூரில் வந்த மற்றொரு சிற்றாய்வில், மருந்தோடும் கிறீமோடும் சேர்த்துக் கொடுத்தபோது இக்குளிசை சிறிது துணை செய்தது. துணை செய்யலாம் என்பதற்கு மேல் இன்று சொல்லத் தகாது. அதே 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், வெயிற்காப்புத் தரும் என்று விளம்பரம் செய்து குளிசை விற்ற நான்கு நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, வெயில்காப்புக் கிறீமின் இடத்தைப் பிடிக்கக் கூடிய குளிசை எதுவுமில்லை என்று பொதுமக்களுக்கும் அறிவித்தது.

திரனெக்சாமிக் அமிலம் என்ற ஒன்றும் மங்குக்கான குளிசையாகக் காதில் விழுவதுண்டு. அது சத்தன்று, மருந்து. யப்பானியத் தம்பதியரான ஒக்காமோற்றோ இருவரும் 1962இல் இரத்தப்போக்கை நிறுத்துவதற்காக உலகுக்கு அளித்தது. மங்கை மங்கச் செய்யும் குணம் அதற்கு இருப்பது 1979இல் அந்நாட்டிலேயே குறிக்கப்பட்டது. பல ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஆனால் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கும் இயல்புள்ளோருக்கு அது ஆபத்தாகலாம். கருத்தடைக் குளிசையும் இரத்தம் உறைவதைத் தூண்டக்கூடியதாகையால் இரண்டும் ஒரு வயிற்றில் சேர்தல் தகாது. அயல்வீட்டுக்காரிக்குப் பலித்தது என்று வாங்கி விழுங்கும் பொருளல்ல அது. முகத்தை வெளுக்கச் செய்ய ஊசிமூலம் ஏற்றப்படும் குளுற்றாதயோனைப் பற்றி, அது பாதுகாப்பற்றது எனப் பிலிப்பைன்ஸ் அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2011இலேயே எச்சரித்தது. அதைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை.

ஒரு சத்தைப் பற்றி மட்டும் நியாயமான கேள்வி எழும். வெயிலை மறைத்தால் உடலுக்கு வேண்டிய விற்றமின் டி குறையாதா? உடலை முழுதும் மூடி வீட்டினுள்ளே இருக்கும் பெண்களுக்கு அது குறைவதுண்டு. தென்னாசியாவில் அது அரிதன்று. ஆனால் முகத்தை மட்டும் காப்பதால் அது பெரிதாகக் குறையாது. முகம் உடலில் சிறு பகுதியே. வீட்டு வளவின் மறைவில் முன்கையிலும் காலிலும் சில நிமிட வெயில் பட்டால் அதன் பெரும்பங்கு கிடைக்கும். மீனிலும் முட்டை மஞ்சட்கருவிலும் ஓரளவு உண்டு. குறைவு இருப்பதாக வைத்தியர் கண்டால் குளிசை தருவார். அப்போது அது மருந்து. தானாக அளவின்றி விழுங்கினால் உடலிலே தங்கி, இரத்தத்திற் கல்சியத்தைக் கூட்டித் துன்பம் தரும். கர்ப்பிணித் தாய் தவறாது விழுங்க வேண்டியவை இரும்புச் சத்து, போலிக் அமிலம் முதலாகக் கிளினிக்கில் தரப்படுபவையே. முகவெளுப்புக்கென்று விற்கப்படும் எதனையும் அக்காலத்தில் அவள் தொடலாகாது.

குளிசை பெரும்பாலும் பணத்தைத்தான் கெடுக்கும். கள்ளக் கிறீம் முகத்தையே கெடுத்துவிடும். சில வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கின்றது. அது மெலனின் செய்யும் வேலையைத் தடுப்பதால் முகம் விரைவில் வெளுக்கும். தோல்வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். பூசியவரின் கையாலும் துணியாலும் குழந்தைக்கும் போகும். பாதரச நஞ்சினால் அழிவுற்ற யப்பானிய ஊரான மினமாட்டாவின் பெயரைத் தாங்கி 2013இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை, இத்தகைய கிறீம்களை ஒழிக்க வேண்டிய பொருள்களின் வரிசையிற் சேர்த்திருக்கின்றது. செய்தவர் முகவரி இல்லாத, சேர்மானம் அச்சிடாத டப்பியை வாங்காமல் விடுவதே வாங்குவோர் செய்யக்கூடியது. வேறு சில கிறீம்களில் ஸ்ரெரொயிட்டு மருந்து இருக்கும். பூசிய இரண்டு வாரத்தில் முகம் பளபளக்கும். மாதங்கள் சென்றால் தோல் மெலியும், நாளங்கள் சிவந்து தெரியும், பரு வெடிக்கும், நிறுத்தினால் எரியும். ஐதரோகுயினோன் என்ற மருந்து மங்குக்கு உண்மையான மருந்தே. கிளிக்மன், வில்லிஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் 1975இல் அதனை வேறு இரண்டு மருந்துகளோடு கூட்டி வகுத்த முறை, மாற்றங்களோடு இன்றும் கையாளப்படுகிறது. ஆயினும் அது வைத்தியர் கண்காணிப்பில் சில மாதங்களுக்கே உரியது. அதே 1975இல், அளவின்றி ஆண்டுக்கணக்காகப் பூசிய தென்னாபிரிக்கப் பெண்களின் முகத்தில் நீங்காத நீலக்கருமை படிந்தது வைத்திய ஏடுகளில் பதிவாயிற்று.

வீட்டு வைத்தியத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தேசிக்காய்ப் புளியை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்குவது மங்கைப் போக்காது. அப்புளியில் உள்ள சில பொருள்கள் வெயிலோடு கூடித் தோலைச் சுட்டு, புதிய கரும்படையை உண்டாக்கும். சந்தனமும் மஞ்சளும் அவ்வளவு தீங்கு செய்யமாட்டா. ஆனால் அவை வெயிலைத் தடுக்கும் திரையல்ல. முகத்தை உரஞ்சித் தேய்ப்பதும் வேண்டாம். காயம்பட்ட தோல் மேலும் கறுக்கும். விறகடுப்பின் அனலும் மங்கைக் கூட்டக்கூடும் என்று கருதப்படுவதால், அடுப்புக்கு நேரே முகத்தை நீட்டி ஊதுவதற்கு ஊதுகுழல் நல்லது.

இவற்றை ஒழுங்காகச் செய்தாலும் முதல் மாதத்திலேயே மாற்றம் தெரியாது. மேற்தோல் உதிர்ந்து புதுத்தோல் வருவதற்கே ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். ஆழத்தில் படிந்த நிறத்துக்கு இன்னும் நெடுங்காலம். பிரசவத்தின் பின் சிலருக்குத் தானாகவே மறையும். மறைந்த மங்கு அடுத்த ஏப்ரல் வெயிலில் திரும்பிவருவதும் உண்டு. ஆகையால் முகம் தெளிந்தபின்னும் தொப்பியைத் தூக்கி எறிதல் ஆகாது. மூன்று மாதம் சென்றும் குறையாவிட்டால், அல்லது திட்டு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், தடித்தால், புண்ணானால், ஆஸ்பத்திரியில் தோல் நோய் வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டும். போகும்போது அதுவரை பூசிய கிறீம்களின் வெற்றுக் குழாய்களையும், விழுங்கிய குளிசைகளின் பெட்டிகளையும், கருத்தடைக் குளிசையின் அட்டை உட்பட, ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லல் வேண்டும். எதனால் வந்தது, எதனால் கூடிற்று என்பதை நோயாளி வாயால் சொல்வதைவிட அந்தப் பை வைத்தியருக்குத் தெளிவாகச் சொல்லும்.